மலையேறும் படகு

முதுகில் சுமந்துபோகிற காற்றடைத்த படகு வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ?" என்றுதான். கூடாரம், சாப்பாடு, தூண்டில் எல்லாவற்றோடும் மலையேற வேண்டியவருக்கு அது நியாயமான கேள்வி. மரக்காணம் பக்கத்து மீனவ ஊரான எக்கியார்குப்பத்தில் பிறந்து வளர்ந்த எனக்கோ, காற்று படகை எந்தப் பக்கம் தள்ளும் என்பதுதான் முதல் கேள்வி.

அப்பா கட்டுமரத்தில் போனவர். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையெல்லாம் ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன; ஆனாலும் கட்டுமரத்தின் குணம் எனக்கு மறக்காது. அது தண்ணீரோடு தண்ணீராகப் படிந்து போகும். மேலே ஏறிய அலை இடுக்கு வழியே வடிந்துவிடும். காற்று பிடித்துத் தள்ள அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. பேக்ராஃப்ட் எனப்படும் காற்றடைத்த சிறு படகு இதற்கு நேர் எதிர். தண்ணீரின் மேலே உட்கார்ந்திருக்கும். கனம் குறையக் குறையக் காற்றின் சொல்லைத்தான் கேட்கும்.

எங்கள் கரையில் விடியற்காலையில் கரைக்காற்று கடலுக்குள் கொண்டுபோகும், பகலில் கடற்காற்று வீட்டுக்குக் கொண்டுவரும். பாய் விரித்த எங்கள் ஆட்களுக்கு அந்தத் திருப்பம் வரம். மலை ஏரியிலும் காற்று திரும்பும். காலையில் சரிவிலிருந்து குளிர்காற்று இறங்கும். வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும். ஆனால் அங்கே அது நம்மை வீட்டுக்கே கொண்டுவரும் என்று நம்ப முடியாது. கூடாரம் ஒரு கரையில் இருக்க, எதிர்க்கரைக்குத் தள்ளிவிடலாம். "போறப்ப காத்த எதுத்துப் போடா, வர்றப்ப அது உன்னக் கொண்டாந்து சேக்கும்" என்பார் அப்பா. காற்று நிலையாக வீசும் நாளுக்கு அது போதும். காற்று திரும்புகிற மலை ஏரிக்கு, எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டுத் திரும்பிவரக்கூடிய படகு வேண்டும்.

அதனால் ஒரு கிலோவுக்கும் குறைந்த மிக இலேசான படகுகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவை பெரும்பாலும் குட்டையானவை. ஒரு பக்கம் துடுப்புப் போட்டால் சுற்றத்தான் செய்யும். இரண்டு முதல் மூன்று கிலோவுக்குள், கொஞ்சம் நீளமாக, பக்கங்கள் அதிகம் உயராமல், பின்புறம் அடியில் ஒரு சிறு துடுப்புத்தகடு பொருத்தக்கூடியதாகப் பாருங்கள். நான்கு துண்டாகக் கழற்றும் நல்ல துடுப்புக்கு இன்னொரு கிலோ ஒதுக்குங்கள். உயிர்காப்பு உடுப்பை எடையைக் காட்டி விட்டுவிடவே கூடாது.

படகு உங்கள் எடையைத் தாங்குமா என்பதை நூல் பிடித்தே கணக்கிடலாம். காற்றுக்குழாயின் விட்டம் 25 சென்டிமீட்டர், நடுவாக அளந்த சுற்று 4 மீட்டர் என்றால், உள்ளே ஏறத்தாழ 196 லிட்டர் காற்று. முழுதும் மூழ்கினால் அது கிட்டத்தட்ட அத்தனை கிலோவைத் தாங்கும். அதில் பாதியை மட்டும் நம்புங்கள். 70 கிலோ ஆளும் 15 கிலோ பையும் அதற்குள் அடங்கும்.

துணியில் கஞ்சத்தனம் வேண்டாம். வெறும் பிவிசி படலத்தில் செய்த விளையாட்டுப் படகு குளிரில் விறைத்து, மடிப்பில் வெடிக்கும். டிபியு என்ற நெகிழி பூசிய நைலான் துணி, அதுவும் பசையால் ஒட்டாமல் சூட்டால் இணைத்தது, நீண்ட நாள் உழைக்கும். எங்கள் கெளுத்திக்கு இருப்பதுபோல, மலை ஏரியில் பிடிக்கும் ட்ரௌட் மீனுக்குக் குத்தும் முள் கிடையாது. படகுக்கு ஆபத்து தூண்டில் முள்தான். அதன் முனையிலுள்ள எதிர்முள்ளைக் குறடால் அழுத்தி மழுக்கிவிட்டு, மூன்றுமுனை முள்ளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

காற்றறை ஒன்றா பலவா என்பதும் முக்கியம். 1840-களில் பீட்டர் ஹால்கெட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, ரப்பர் பூசிய மேலங்கியையே ஊதிப் படகாக்கினார்; அதில் தனித்தனியாக நான்கு காற்றறைகள். 1846-இல் வட கனடாவின் பனிக்கரைக்குப் போன ஜான் ரே, ஹால்கெட் படகில் ஏறித்தான் மீன்வலை விரித்தார். எனக்கு மிகவும் பிடித்த வரலாறு இது. நடுக்கடலோ நடு ஏரியோ, ஒரு அறை போனாலும் மற்றது மிதக்க வேண்டும்.

காஷ்மீரின் விஷன்சர் ஏரி சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் வாயால் ஊதினால் தலை சுற்றும். காற்றை அள்ளித் திணிக்கும் நைலான் பை கூடவே வரவேண்டும். 25 டிகிரி வெயிலில் ஊதிய படகை 6 டிகிரி தண்ணீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று நூற்றுக்கு ஆறு பங்கு சுருங்கும். படகு தொளதொளப்பது ஓட்டையால் அல்ல. தண்ணீரில் குளிரவிட்டு, மறுபடி கொஞ்சம் ஊதினால் இறுகிவிடும். கரையேறியதும் காற்றைக் குறைத்துவிடுங்கள். வெயிலில் காற்று விரிந்து இணைப்பு பிய்யும்.

வாங்கியதை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் பழக வேண்டும். எங்களுக்குப் பக்கத்திலேயே கழுவெளி நீர்நிலை பரந்து கிடக்கிறது. ஆனால் அது 2021 முதல் பறவைகள் சரணாலயம், அங்கே இறங்கக் கூடாது. மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய பக்கிங்ஹாம் கால்வாயில், இடுப்பளவுத் தண்ணீரில், பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திக்கொண்டு வேண்டுமென்றே கவிழ்ந்து, மறுபடி ஏறிப் பழகுவது என் வழக்கம். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துவேன். மடிப்பில் உறைந்த உப்பு துணியை அரம்போல் தேய்க்கும்.

காஷ்மீர் ஏரிகளில் தூண்டில் போட மீன்வளத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். படகு இறக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். நீலகிரியிலும் ட்ரௌட் உண்டு. அவலாஞ்சியில் அதற்கென்று பழைய பொரிப்பகமே இருக்கிறது. ஆனால் அங்கே பல நீர்நிலைகள் அணைகள் அல்லது காப்புக்காடுகள். முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலோடு போகவே கூடாது. வனத்துறையிடமும் மீன்வளத்துறையிடமும் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு படகுக்குப் பணம் கட்டுங்கள்.