உறைந்தால் மீளாத மருந்து

தஞ்சைத் தரணியில் குளம் உறைந்து எவரும் கண்டதில்லை. நம் குழந்தைகள் உறைதலை முதன்முதலாகக் காண்பது பெரும்பாலும் மார்கழிக் காலையில், தேங்காய் எண்ணெய்ப் புட்டியில்தான். ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வெண்மையாக இறுகும் எண்ணெய், இளவெயிலில் வைத்ததும் உருகித் தெளிகிறது. சுவாமிமலைச் சிற்பக்கூடங்களிலும் இதே நிகழ்வுதான்: காவிரி வண்டல் பூசிய அச்சைச் சூடாக்க, உள்ளிருக்கும் மெழுகு உருகி வெளியேறுகிறது, அவ்விடத்தில் ஊற்றிய உலோகக் குழம்பு இறுகித் திருமேனியாகிறது. எண்ணெய், மெழுகு, உலோகம் மூன்றையும் மீண்டும் உருக்கலாம், இறுகச் செய்யலாம்.

ஆனால் உறைந்தபின் பழைய நிலைக்கு மீளாத பொருள்களும் உண்டு. குழந்தைகள் நலப் பிரிவினராகிய நாங்கள் இங்கு எழுதுவது அதற்காகவே. முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைக்கு நாள்தோறும் இன்சுலின் தேவை. “குளிர்ச்சியில் வையுங்கள்” என்று நாங்கள் கூறுவதைத் தவறாகப் பொருள்கொண்டு அதனை ஃப்ரீசரில் வைத்துவிட நேரலாம். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்கு மாறாமல் தோன்றலாம். அதன் ஆற்றலை நம்ப இயலாது. அதைச் செலுத்தினால் சர்க்கரை மிகுந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இதனைக் குழந்தைக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது எளிது. இரு எவர்சில்வர் கிண்ணங்களில் ஒன்றில் பாதியளவு தண்ணீரும், மற்றொன்றில் வெள்ளரித் துண்டுகளும் இட்டு, இரவு முழுவதும் ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் வெளியே எடுத்ததும், “இனி என்ன ஆகும்?” என்று முதலில் குழந்தையைக் கேளுங்கள். பனிக்கட்டி உருகிப் பழைய தண்ணீராகும். வெள்ளரியோ தொய்ந்து நீர் கசிந்து கிடக்கும். உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதாலும், பனிப் படிகங்கள் குத்துவதாலும் அதன் நுண்ணறைகள் சிதைந்துவிடுகின்றன. இன்சுலினில் கெடுவது அதன் புரத அமைப்பு. “உன் மருந்தும் இந்த வெள்ளரி போலத்தான்” என்று அப்போது கூறுங்கள். தன் மருந்தைத் தானே காக்கும் பொறுப்பு அங்கே தொடங்குகிறது.

சிறு பனிக்கட்டித் துண்டுகள் மழலையரின் தொண்டையில் சிக்கலாம். பெரியவர் உடனிருத்தல் வேண்டும். நீர் நிரம்பிய கண்ணாடிப் புட்டியை உறைய வைக்காதீர்கள், விரிசல் விடும்.

பெற்றோர் கவனத்திற்கு: திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில், ஃப்ரீசர் பகுதியை ஒட்டாமல் வையுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈரமணல் இட்ட மண்பானையை நிழலில் வைத்துப் பயன்படுத்தலாம். பயணத்தில் மருந்து பனிக்கட்டியை நேரடியாகத் தொடாதவாறு துணியில் சுற்றுங்கள். உறைந்திருக்கும் என்ற ஐயம் எழுந்தால் அப்புட்டியைப் பயன்படுத்தாதீர்கள். அதே வேளையில் ஊசியையும் நிறுத்தாதீர்கள். புதிய புட்டி பெற உடனே எங்களிடம் வாருங்கள்.