வலிக்காத விரலும் ஓர் ஆய்வுக் கட்டுரையும்

தாமிரபரணிக் கரையில், பாய் நெசவும் பீடி சுற்றுதலும் நடக்கும் ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் படிக்கும் பள்ளி எங்களுடையது. சில ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பு அறிவியல் செய்முறை வகுப்பில் ஒரு மாணவன் சூடான முக்காலியை வெறும் கையால் நகர்த்தினான். சுண்டுவிரலில் கொப்புளம் எழும்பியும் கையை உதறவில்லை. "ஏல, சுடலையா?" என்றேன். "அந்த விரல்ல ஒண்ணும் தெரியாது சார்" என்றான்.

அன்று மாலையே அவன் தாயிடம் தனியாகப் பேசி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைத்தேன். முழங்கையருகே நரம்பு தடித்திருந்தது. தொழுநோயின் தொடக்கம் என்றார் மருத்துவர். கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகவே கிடைத்தது.

அதன்பிறகு இந்நோயைப் பற்றித் தேடிப் படித்தபோது அறிமுகமானவர் மருத்துவர் பால் பிராண்ட். 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிய விரல்களோடு பலரைப் பார்த்தார். நோயால் சதையே கெட்டு விரல்கள் உதிர்கின்றன என்று அக்காலத்தில் பலரும் நம்பினார்கள். ஆனால் கைகுலுக்கியபோது அந்தக் கைகளில் பிடியின் வலு இருந்தது.

காரணம் இதுதான். விரல்களை நீட்டி நிறுத்தும் உள்ளங்கைச் சிறுதசைகள் மட்டுமே நரம்புப் பாதிப்பால் செயலிழக்கின்றன. முன்கைத் தசைகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. எனவே நல்ல தசையின் நாணை எடுத்து விரல்களோடு இணைத்தார். பிறகு அந்தத் தசைக்குப் புதிய வேலையைப் பயிற்சியால் கற்பிக்க வேண்டும். அறுவை பாதி, பயிற்சி பாதி. இதை அவர் 1952இல் இலண்டன் அரச அறுவை மருத்துவர் கல்லூரியில் உரையாக வழங்கினார். அதே ஆண்டு அது கட்டுரையாகவும் வெளிவந்தது.

சீரமைத்த கைகளிலும் மீண்டும் புண்கள் வந்தன. ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். சூடான பாத்திரம், கரடுமுரடான கருவிப்பிடி, காலில் ஏறிய ஆணி என்று விடைகள் கிடைத்தன. வலி தெரியாததால் வந்த காயங்களே விரல்களை அழித்தன. ஆகவே தினமும் கைகால்களைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் பழக்கத்தை நோயாளிகளுக்குக் கற்பித்தார்.

ஓர் ஆய்வின் தாக்கத்தை இன்று மேற்கோள் எண்ணிக்கையால் அளக்கிறார்கள். பின்னால் எழுதுபவர்கள் ஒரு கட்டுரையை எத்தனை முறை சுட்டுகிறார்கள் என்பதே அந்த எண். இதை முறையாகத் தொகுக்கும் அட்டவணையை யூஜீன் கார்ஃபீல்டு 1964இல் வெளியிட்டார். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 'எச் குறியீடு' என்பதை முன்வைத்தார். ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை சுட்டப்பட்டிருந்தால் அவரது எச் குறியீடு 20.

இந்த அளவுகோலுக்குப் பயன் உண்டு. எனினும் எல்லாம் அதற்குள் அடங்காது. தொழுநோய் போன்ற சிறிய துறையில் எழுதுபவர்களே குறைவு, சுட்டுபவர்களும் குறைவு. மேலும், ஒரு கருத்து எல்லோருக்கும் பொதுவான அறிவாகிவிட்டால் அதை யார் சொன்னார் என்று எவரும் குறிப்பிடுவதில்லை. பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். தொழுநோயாளிகளின் மரத்த பாதத்தைக் காக்கக் கற்ற முறைகள் அங்கிருந்து சர்க்கரை நோய் மருத்துவத்துக்கும் சென்றன. பாதப் புண்ணில் அழுத்தம் குறைக்கும் மாவுக்கட்டும், பொருத்தமான காலணியும் அவற்றுள் சில. இன்று பாதத்தைத் தினமும் பார்க்கச் சொல்லும் மருத்துவர் எவரும் மேற்கோள் காட்டுவதில்லை.

ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டியவை சில. உணர்ச்சியற்ற வெளிறிய அல்லது சிவந்த தேமல், வலிக்காத தீப்புண், எழுதும்போது பேனா நழுவுதல், சுண்டுவிரல் வலுவிழத்தல். வகுப்பின் முன் விசாரிக்காதீர்கள். பெற்றோரிடம் தனியே பேசிச் சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். சிகிச்சை தொடங்கிய பிள்ளையைத் தனி இருக்கையில் அமர்த்தத் தேவையில்லை.

எங்கள் மாணவன் சிகிச்சையை முடித்துவிட்டான். விரல்கள் மடங்கவில்லை. ஆனால் சுண்டுவிரலில் உணர்வு முழுதாகத் திரும்பவில்லை. அதனால் தினமும் இரவில் இரு கைகளையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பானாம். சுகாதார நிலையத்தில் கற்றுக்கொடுத்த பழக்கம். அதன் பின்னால் உள்ள பெயரை அவன் கேள்விப்பட்டதில்லை. அடுத்த முறை பார்க்கும்போது சொல்ல வேண்டும்.