தனியே உலகை வலம்வந்த கப்பலோட்டி

உலகைச் சுற்றி வருதல் இக்காலத்து அரியதொரு செயலன்று. ஆகாய விமானத்தில் ஏறி அமர்ந்தோர் இரண்டு மூன்று நாட்களுக்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்தல் கூடும். ஆயினும், துணையாக ஒருவரையும் கொள்ளாது, சிறியதொரு பாய்க்கப்பலில், ஆண்டுக்கணக்கில் கடல்மேல் வாழ்ந்து உலகை வலம்வருதல் இன்றும் மிகச் சிலரே துணியும் செயலாகும். அதனை முதன்முதல் செய்து முடித்தவர் ஜாஷுவா ஸ்லோக்கம் என்னும் கப்பித்தான். ஒருவரே மாலுமியும் மீகாமனும் சமையற்காரரும் காவற்காரருமாய் இருக்குங்கால், அவர் உறங்கும்போது சுக்கானைப் பிடிப்பார் யார்? கரை காணாக் கடலில் தாம் இருக்கும் இடத்தை அவர் அறிவது எவ்வாறு? பேசுதற்கு ஒருவருமில்லாத தனிமையை அவர் தாங்குவது எங்ஙனம்? அவர் வரலாற்றைக் கேட்கும் எவர் உள்ளத்தும் எழும் இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண நாம் ஈண்டு முற்படுகின்றோம்.

ஸ்லோக்கம் 1844-ம் ஆண்டு பெப்ருவரி மாதம் 20-ம் தேதி கானடா தேசத்து நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். இளமையிலேயே வீட்டைத் துறந்து கடலை அடைந்தார்; கடைநிலை ஊழியம் முதலாகப் படிப்படியாய் உயர்ந்து, அமெரிக்கக் குடியுரிமை பெற்று, பெருங் கப்பல்களுக்குத் தலைவரானார். அவர் மனைவியார் வர்ஜீனியா கணவரோடு கப்பலிலேயே குடித்தனம் நடத்திப் பிள்ளைகளை வளர்த்தவர். அவ்வம்மையார் 1884-ம் ஆண்டு போனஸ் ஐரிஸ் துறைமுகத்தில் காலமானார். 1887-ம் ஆண்டின் இறுதியில் ஸ்லோக்கத்தின் சொந்தக் கப்பலும் பிரேசில் நாட்டுக் கரையருகே மணல்மேட்டில் ஏறிச் சிதைந்தது. அவர் தாயகம் மீண்டபோது நீராவிக் கப்பல்கள் பாய்க்கப்பல்களின் இடத்தைக் கவர்ந்து கொண்டிருந்தன. காற்றின் குறிப்பையும் அலையின் போக்கையும் விண்மீனின் நிலையையும் நுணுகிக் கற்ற ஒருவருக்கு, அக்கல்வியைப் பயன்படுத்த ஒரு கப்பலும் கிடைத்திலது. பெற்ற கல்வி பெற்றவன் கண்முன்னரே விலையிழந்து போதலினும் கொடியது வேறு யாதுளது?

அந்நிலையில், திமிங்கில வேட்டைக் கப்பலோட்டிய பழைய நண்பர் ஒருவர், பேர்ஹேவன் என்னும் ஊரில் ஒரு கப்பல் இருப்பதாகவும் அதனை அவர் எடுத்துக்கொள்ளலாம் என்றும் கூறினார். சென்று பார்த்தபோது அஃது ஒரு வயல்வெளியில் முட்டுக் கொடுத்து நிறுத்தப்பெற்ற, உளுத்துப்போன பழைய மரக்கலமாக இருந்தது. ஸ்லோக்கம் மனந்தளர்ந்தாரல்லர். தம் கையாலேயே ஒவ்வொரு பலகையாக மாற்றிப் பதின்மூன்று மாத உழைப்பில் அதனைப் புதுக்கினார். பொருட்செலவு 553 டாலர் 62 சென்டு. நீளம் 36 அடி 9 அங்குலமும், அகலம் 14 அடி 2 அங்குலமும் உள்ள அக்கலத்துக்கு, நீர்த்திவலை எனப் பொருள்படும் 'ஸ்பிரே' என்பதே பெயராயிற்று. 1895-ம் ஆண்டு ஏப்ரல் 24-ம் தேதி, தமது ஐம்பத்தொன்றாம் வயதில், போஸ்டன் துறைமுகத்தினின்றும் அவர் தனியே பாய்விரித்தார்.

மத்தியதரைக் கடல் வழியாகவும் சூயஸ் கால்வாய் வழியாகவும் கீழ்த்திசை நோக்கிச் செல்வதே அவர் முதற் கருத்து. ஜிப்ரால்ட்டரில் இருந்த ஆங்கிலக் கடற்படையினர் அவ்வழியில் கொள்ளைக்காரர் உளர் என எச்சரித்தமையால், அவர் கருத்தை மாற்றி மேற்றிசை நோக்கித் திரும்பினார். அட்லாண்டிக் சமுத்திரத்தை மீண்டும் கடந்து, தென் அமெரிக்காவின் கரையோரமாகச் சென்று, மகெல்லன் ஜலசந்தியின் கொடும் புயல்களோடு போராடிப் பசிபிக் சமுத்திரம் புகுந்தார். ஹுவான் பெர்னாண்டஸ் தீவு, சமோவா, ஆஸ்திரேலியா, கீலிங் தீவுகள், மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா, செயின்ட் ஹெலீனா என இவ்வாறு சென்று, 1898-ம் ஆண்டு ஜூன் 27-ம் தேதி அமெரிக்காவின் நியூபோர்ட் நகரை அடைந்தார். கடந்த தொலை ஏறக்குறைய 46,000 மைல். காலம் மூன்றாண்டுகளும் இரண்டு மாதங்களும்.

இனி முதல் வினாவை நோக்குவோம். பாய்க்கப்பலின் முன்புறத்துப் பாயில் காற்று மோதுங்கால் கப்பலின் முகம் காற்றினின்றும் விலகும். பின்புறத்துப் பாயில் மோதுங்கால் முகம் காற்றை நோக்கித் திரும்பும். இவ்விரண்டு விசைகளையும் துலாக்கோலின் இரு தட்டுக்களைப் போல் ஒன்றுக்கொன்று சமன்செய்து, சுக்கானையும் ஓரிடத்தில் நிறுத்திக் கயிற்றாற் கட்டிவிட்டால், கப்பல் வழி சிறிது பிறழினும் தானே திருந்திக் கொள்ளும். கப்பலின் அடிமரமாகிய ஏரா நீண்டதாய் இருப்பின் இச்சமநிலை எளிதிற் கலையாது. ஸ்பிரேயின் ஏரா அத்தகையது. ஆகவே ஸ்லோக்கம் சுக்கானைக் கட்டிவிட்டு உள்ளே சென்று சமைப்பார், உண்பார், நூல் வாசிப்பார், உறங்குவார். தேர்ஸ்டே தீவினின்றும் கீலிங் தீவுகள் வரையுள்ள 2,700 மைல் தூரத்தை அவர் 23 நாட்களில் கடந்தார். அத்தனை நாட்களிலும் சுக்கானருகே அவர் நின்ற நேரம் எல்லாம் கூட்டினும் மூன்று மணிக்கு மேற்படவில்லை என்றால், அவ்வமைப்பின் நுட்பத்தை என்னென்பது! இடைவிடாது உழைப்பது மாத்திரம் திறமையன்று. நாம் கையெடுத்த பின்னும் நேரே செல்லுமாறு ஒன்றை அமைத்து வைப்பதும் திறமையே.

இரண்டாவது வினா இதனினும் நுண்ணியது. பூமத்திய ரேகைக்கு வடக்கே அல்லது தெற்கே எவ்வளவு தூரத்தில் இருக்கின்றோம் என்பதை நண்பகற் சூரியனின் உயரத்தை அளந்து எளிதில் அறியலாம். கிழக்கு மேற்காக எங்கே இருக்கின்றோம் என்று காண்பதே அரிது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கின்றது. எனவே ஒரு மணிக்கு 15 பாகை, நான்கு நிமிஷத்துக்கு ஒரு பாகை. கப்பல் நிற்கும் இடத்தில் நண்பகலாகும்போது கிரீனிச் நகரில் மணி யாதென்று தெரிந்தால், அவ்விரு காலங்களின் வேற்றுமையே தீர்க்கரேகையைக் காட்டிவிடும். ஆயின், கிரீனிச் மணியைப் பிழையின்றிக் காட்டும் கடிகாரம் வேண்டும். அதில் ஒரு நிமிஷம் தவறினால், பூமத்திய ரேகையருகே கணக்கு 15 கடல் மைல் தவறும்.

மாலுமிகள் இதன்பொருட்டு வைத்திருக்கும் குரோனோமீட்டர் என்னும் கடிகாரம் ஒன்று ஸ்லோக்கத்திடம் இருந்தது. ஆயினும் அதனைச் செப்பனிடப் பதினைந்து டாலர் கேட்டமையால் அதனைக் கரையிலேயே விட்டுவிட்டார். யார்மத் துறைமுகத்தில் தகரக் கடிகாரம் ஒன்றை வாங்கினார். ஒன்றரை டாலர் விலையுள்ள அதனை, முகக்கண்ணாடி உடைந்திருந்த காரணத்தால் வணிகர் ஒரு டாலருக்குக் கொடுத்தாராம். பிற்காலத்தில் நிமிஷமுள்ளும் உதிர்ந்துவிட, அதனைக் கொதிநீரில் இட்டு ஓடச் செய்தார் என்பர்! இத்தகைய கடிகாரத்தை நம்பி உலகைச் சுற்றுதல் இயலுமோ?

அவர் நம்பியது வானத்துக் கடிகாரத்தை. விண்மீன்களினிடையே சந்திரன் ஒரு மணிக்கு ஏறக்குறையத் தன் விட்டத்தின் அளவு, அதாவது அரைப்பாகை, கீழ்த்திசை நோக்கி நகர்கின்றது. விண்மீன்களை மணியெழுத்துக்களாகவும் சந்திரனை முள்ளாகவும் கொண்டால், வானமே ஒரு பெருங் கடிகாரமன்றோ? செக்ஸ்டன்ட் என்னும் கோணமானியால் சந்திரனுக்கும் ஒரு விண்மீனுக்கும் அல்லது சூரியனுக்கும் இடையேயுள்ள கோணத்தை அளந்து, அக்கோணம் கிரீனிச்சில் எந்நேரத்துக்கு உரியதென்று மாலுமிகளின் பஞ்சாங்கத்திற் பார்த்தால் காலம் புலப்படும். முறை உண்மையானதே, ஆனால் கணக்கு நீண்டது, ஒரு சிறு பிழையும் பல மைல் தூரத்தை மாற்றிவிடும்.

ஹுவான் பெர்னாண்டஸ் தீவை விட்டு நாற்பத்துமூன்றாம் நாள், நடுப் பசிபிக்கில், ஸ்லோக்கம் இம்முறையால் தம் இடத்தைக் கணித்தார். கப்பலின் வேகத்தையும் திசையையும் கொண்டு நாள்தோறும் தாம் மனத்திற் போட்டுவந்த கணக்குக்கும் இதற்கும் பல நூறு மைல் வேற்றுமை இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து மிகுந்த கவனத்துடன் மறுபடியும் அளந்தார், விடை மாறவில்லை. இரண்டில் ஒன்று பிழையாதல் வேண்டும். அப்போது அவர் தாம் கையாண்ட அச்சிட்ட லாகரிதம் அட்டவணையையே ஆராயப் புகுந்தார். அதில் ஒரு நிரலில் எண்கள் தவறாயிருக்கக் கண்டார். அதனைத் திருத்திக் கணித்தபோது இரு கணக்குகளும் மிக நெருங்கி நின்றன. அவர் எதிர்பார்த்த மார்க்கெஸாஸ் தீவுக்கூட்டமும் கண்ணுக்குப் புலனாயிற்று. நூலில் அச்சேறியதெல்லாம் உண்மையென்று அவர் கொண்டிலர். தம் கணக்கே சரியென்று கண்ணை மூடிக்கொண்டு சாதித்தாருமிலர். இரண்டையும் ஒருங்கே ஐயுற்று ஆராய்ந்தமையாலேயே வழி தப்பாது பிழைத்தார்.

மூன்றாவது வினா தனிமையைப் பற்றியது. கரை மறைந்த முதல் நாட்களில், மூடுபனியினிடையே, தனிமை தம்மை அழுத்தியது என அவரே எழுதியுள்ளார். பேசாதிருப்பின் குரலை இழந்துவிடக்கூடும் என்று அஞ்சி, இல்லாத மாலுமிகளுக்குக் கட்டளையிட்டார்; மறுமொழி வாராமையால் தனிமை மிகுதியாகவே உணரப்பட்டது. பின்னர்ப் பாடத் தொடங்கினார். அசோர்ஸ் தீவுகளை விட்ட பின், பிளம்ஸ் பழமும் பாலாடைக்கட்டியும் உண்டமையால் வயிற்று நோயுற்று உணர்வு மயங்கிக் கிடந்தபோது, கொலம்பஸின் துணைக் கப்பலாகிய பிந்தாவின் மாலுமி ஒருவன் தமது சுக்கானருகே நிற்பதாகக் கண்டார். அது சுரத்தின் மயக்கமேயாயினும், தெளிந்து எழுந்து பார்த்தபோது கப்பல் வழி பிறழாது சென்றிருந்தது.

ஆயினும் தனியே சென்றார் எனின், பிறர் உதவியின்றிச் சென்றார் என்பது பொருளன்று. பழங்கப்பலைக் கொடுத்தவர் நண்பர். மகெல்லன் ஜலசந்தியில் இரவில் கப்பலின்மேல் ஏறுவாரைத் தடுப்பதற்குத் தளத்திற் பரப்புமாறு ஆணிகளை உதவியவர் புண்டா அரேனஸ் நகரத்தவர் ஒருவர். சமோவாவில், ஆசிரியர் ஸ்டீவன்சனுடைய மனைவியார், காலஞ்சென்ற தம் கணவரின் கடல்வழி நூல்களை அவருக்கு ஈந்தனர். துறைமுகங்கள்தோறும் சொற்பொழிவு கேட்க வந்தோர் கொடுத்த பணமே அவர் வழிச்செலவுக்குத் துணையாயிற்று. தனிமை என்பது கடலில் மட்டுமே. அக்கடலை அடைவதற்கும் கடப்பதற்கும் வேண்டியன பெரும்பாலும் பிறர் தந்தவையே.

இத்தகைய பயணத்தின் பெருந்துன்பம் புயலா, பசியா, உறக்கமின்மையா என்று வினவின், மற்றொன்று உளது என்போம். தன்னைக் காண்பார் ஒருவருமில்லாத இடத்தில் தனக்குத்தானே உண்மை உரைத்தலே அது. இதனைத் தெளிவாக்கும் துயர வரலாறு ஒன்று உண்டு. 1968-ம் ஆண்டு, எங்கும் தங்காது தனியே உலகைச் சுற்றும் போட்டியொன்றை லண்டன் நகரத்துச் செய்தித்தாள் ஒன்று நடத்தியது. அதிற் கலந்துகொண்ட டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்பவர் ஆயத்தம் நிரம்பாத கலத்தில் அக்டோபர் 31-ம் தேதி புறப்பட்டார். தென்கடலின் அலைகளைத் தம் கலம் தாங்காதென்று கண்டார். திரும்பினாலோ பொருளும் பெயரும் அழியும். ஆதலின் அட்லாண்டிக்கிலேயே திரிந்துகொண்டு, உலகைச் சுற்றி வருவதாகப் பொய்யான இடங்களைத் தந்தி மூலம் அறிவித்து வந்தார். 1969-ம் ஆண்டு ஜூலை 10-ம் தேதி அவர் கலம் ஆளின்றி மிதக்கக் காணப்பட்டது. உள்ளே கிடைத்த குறிப்பேடுகளே உண்மையை உலகுக்கு உரைத்தன. அவரை இகழ்வதற்காக இதனைக் கூறினோமல்லோம். கடலினும் பொய்க்கணக்கே அவருக்குத் தாங்கொணாச் சுமையாயிற்று என்பதே நாம் கருதற்குரியது.

அதே போட்டியில், பம்பாயில் தேக்கு மரத்தாற் கட்டப்பெற்ற 32 அடி நீளமுள்ள 'சுஹைலி' என்னும் கலத்தில் சென்ற ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 312 நாட்களில் சுற்றி முடித்து, எங்கும் தங்காது தனியே உலகைச் சுற்றிய முதல்வர் ஆயினார். தாம் பெற்ற 5,000 பவுன் பரிசை அவர் குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்கே அளித்துவிட்டார். போலந்து நாட்டுக் கிரிஸ்டினா கொய்னோவ்ஸ்கா-லிஸ்கியெவிச் 1978-ம் ஆண்டில் இவ்வலத்தை முடித்த முதற் பெண்மணியானார். நம் இந்திய நாட்டவருள், கடற்படையைச் சேர்ந்த திலீப் தோண்டே 2010-ம் ஆண்டில் தனியே உலகைச் சுற்றி வந்தார். அபிலாஷ் டோமி 2013-ம் ஆண்டில் எங்கும் தங்காமலே அதனை நிறைவேற்றினார். இவர்கள் காலத்தில் இடத்தைக் காட்டும் செயற்கைக் கோள்கள் வானத்தில் வந்துவிட்டன. இடம் அறிதல் எளிதாயிற்று. தனிமை மட்டும் பழைய தனிமையே.

ஸ்லோக்கம் தம் பயண வரலாற்றை 1900-ம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். சில ஆண்டுகள் கழிந்தபின், அதே ஸ்பிரேயில் மீண்டும் தனியே தென்திசை நோக்கிச் சென்றவர் திரும்பவில்லை. கப்பலின் ஒரு துண்டும் அகப்படவில்லை. 1924-ம் ஆண்டில் சட்டப்படி அவர் இறந்தவராகக் கொள்ளப்பட்டார். பயனற்றதென்று உலகம் தள்ளிய கல்வியைக் கொண்டே உலகை வலம்வந்தவர் அவர். நம்முள் ஒவ்வொருவரும் ஆசிரியரும் தோழரும் அருகில்லாத இடங்களுக்கு ஒருநாள் செல்ல வேண்டியவரே. ஆங்கே நம் கணக்கைத் திருத்துவார் ஒருவரும் இரார். அளந்ததை மறுபடியும் அளக்கும் பொறுமையும், விடை பிழைபட்டவிடத்து அதனை மறையாது எழுதும் நேர்மையும் அங்கே நமக்கு மீகாமனாதல் வேண்டும். இவ்விரண்டையும் புறப்படுமுன் கரையிலேயே பழகிக்கொள்ளுதல் நலம்.