திருப்பூரில் வேலை போச்சு... மன்னார்குடி திரும்பிய தொழிலாளிக்கு அரசு உதவி கிடைக்குமா?

மன்னார்குடியில் ராத்திரி செம்மொழி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் திருப்பூர். டெல்டாவில் வயல் வேலை இல்லாத மாதங்களில் பலருக்குச் சோறு போடுவது அந்த ஊர் பனியன் கம்பெனிகள்தான். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியதும், அந்த வேலைக்கே ஆபத்து வந்தது. வரியால் வேலை போனவருக்கு அரசு ஏதாவது தருமா?

நேரடிப் பதில்: வர்த்தகப் பாதிப்பு என்ற காரணத்துக்காகவே தொழிலாளிக்குப் பணம் தரும் தனித் திட்டம் இந்தியாவில் இல்லை. 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை 20,000 கோடி ரூபாய்க்குக் கடன் உத்தரவாதத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஆனால் அது ஏற்றுமதி நிறுவனங்களுக்கு. டைலருக்கும் செக்கருக்கும் அதில் நேரடியாக ஒன்றும் இல்லை.

அமெரிக்காவில் அப்படி ஒரு திட்டம் 1962-லேயே வந்தது. இறக்குமதியாலோ, உற்பத்தி வெளிநாட்டுக்குப் போனதாலோ வேலை இழந்தால் பயிற்சியும் உதவித்தொகையும் உண்டு. 2022 ஜூலை முதல் புதியவர்களைச் சேர்ப்பதை அங்கேயும் நிறுத்திவிட்டார்கள்.

இங்கே கைகொடுக்கக்கூடியது இஎஸ்ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களிடம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களே, அதேதான். ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் இஎஸ்ஐ என்று நினைப்பவர்கள் அதிகம். அதில் வேலையிழப்புக்கு இரண்டு திட்டங்கள் இருக்கின்றன.

முதலாவது, 2018-ல் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. சராசரி தினக்கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாட்களுக்கு. ஒரு நாள் சம்பளம் 500 ரூபாய் என்றால் மொத்தம் 22,500 ரூபாய். வாழ்நாளில் ஒருமுறைதான். குறைந்தது இரண்டு வருடம் இஎஸ்ஐ உள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறு மாத சந்தா காலத்தில் 78 நாட்களுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் அதே 78.

டெல்டாக்காரர்கள் மாட்டுவது இந்த 78-ல்தான். சந்தா காலம் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று ஓடும். சம்பா நடவுக்கு ஒரு மாதம், அறுவடைக்கு ஒரு மாதம், பொங்கலுக்குப் பத்து நாள் என்று ஊருக்கு வந்து போனால் அக்டோபர்–மார்ச் கணக்கு குறையக்கூடும். இது அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் என்பதால், நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது. இஎஸ்ஐசி இணையதளத்திலேயே போடலாம். முதலாளியின் கையெழுத்துக்காக அலைய வேண்டாம்.

இரண்டாவது, ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. தொகை பெரிது: முதல் 12 மாதம் தினக்கூலியில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். ஆனால் ஆலை மூடப்பட்டிருக்க வேண்டும், அல்லது சட்டப்படி ஆட்குறைப்பு செய்திருக்க வேண்டும். தானாக வேலையை விட்டவருக்குக் கிடையாது.

சிக்கலே அங்கேதான். "ஆர்டர் வரட்டும், போன் பண்றோம்" என்று வாய் வார்த்தையில் அனுப்பிவிட்டால் அது ஆட்குறைப்பா, தற்காலிக லே-ஆஃபா, இவரே நின்றுவிட்டாரா? கணக்கு முடிக்கும்போது "இதுல ஒரு கையெழுத்துப் போடுப்பா" என்று நீட்டும் தாளில் 'சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்' என்று இருந்தால், உதவித்தொகையோடு இழப்பீட்டு உரிமையும் சிக்கலாகிவிடும். ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்தால், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, மறுதிறன் நிதியாக இன்னொரு 15 நாள் சம்பளத்தை 45 நாட்களுக்குள் தொழிலாளியின் கணக்கில் போடச் சொல்கிறது.

பீஸ் ரேட்டிலும் கான்ட்ராக்டர் மூலமும் வேலை பார்ப்பவர்களுக்கும் இஎஸ்ஐ பொருந்தும். ஆனால் பெயர் பதிவாகி, சந்தா கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.  காப்பீட்டு எண்ணை வைத்து இஎஸ்ஐசி தளத்தில் நுழைந்தால், எந்த மாதம் எத்தனை நாளுக்குக் கட்டியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். வேலையில் இருக்கும்போதே பார்த்துவிட்டால், விடுபட்ட மாதத்தைக் கேட்க அங்கே ஆள் இருக்கும்.