காடு வெட்டியவர்கள் நாங்கள்

திருப்போரூரில் தையல் கடைக்கு வரும் பெண்கள், "உங்க ஊரு யாழ்ப்பாணமாக்கா?" என்பார்கள். இல்லை. இலங்கையில் நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம், அதாவது கூலிகளின் வரிசை வீடு. கொள்ளுத்தாத்தா, கங்காணி இங்கிருந்து கூட்டிப்போன கூலி. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை.

1977இல் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு அம்மாவும் அப்பாவும் வவுனியாவுக்கு வடக்கே, நெடுங்கேணிப் பக்கம் போனார்கள். மருத்துவர் ராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தியம் அமைப்பு, மலையகத்திலிருந்து ஓடிவந்தவர்களை அங்கெல்லாம் குடியமர்த்திக்கொண்டிருந்தது. இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டிக் கொழுந்து பறித்த அம்மா, கத்தியெடுத்து முள்ளுக்காடு வெட்டினார். கச்சானும் (நிலக்கடலை) பயறும் போட்டார்கள். ராத்திரியில் பரண் மேல் உட்கார்ந்து தகரம் தட்டி யானை விரட்டினார்கள். நான் அங்கேதான் பிறந்தேன்.

வடக்கையும் கிழக்கையும் இணைக்கும் மணலாற்றுப் பகுதிக்குப் பக்கத்து நிலம் அது. அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பதே அரசியல். நிலமற்ற ஏழைகளைத்தான் இப்படிப்பட்ட இடத்தில் முன்னால் நிறுத்துகிறார்கள். 1983 ஜூலையில் ராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். 1984இல் அந்தப் பகுதியின் கென்ட், டொலர் பண்ணைகளிலிருந்த மலையகக் குடும்பங்களைத் துரத்திவிட்டு, அரசு சிங்களக் கைதிகளைக் குடும்பத்தோடு கொண்டுவந்து வைத்தது. நவம்பர் 30ஆம் தேதி புலிகள் அவர்களில் பலரைக் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும்கூடச் செத்தார்கள். "அதுங்களும் நம்மளப் போல போக்கிடம் இல்லாததுங்கதானே புள்ள" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். அதை மறைத்துவிட்டு எங்கள் துயரத்தை மட்டும் சொல்ல எனக்கு மனம் வராது.

பிறகு படகு, ராமேஸ்வரம், மண்டபம் முகாம். என் மகள் இங்கே, தமிழ்நாட்டில் பிறந்தவள். ஆனால் 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறியாக இருந்தாலே குடியுரிமை இல்லை. நானும் என் வீட்டுக்காரரும் சட்டத்தின் கண்ணில் அப்படித்தான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்குத்தான். அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, வழக்குப் போட்ட இந்திய வம்சாவளி அகதிகளின் குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்கச் சொன்னது. எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் பிடிமானம்.

அப்பா 1964 ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்டவர். பதில் வருமுன் கலவரம் வந்தது. ஒப்பந்தப்படி ஆட்களை இந்தியாவுக்கு ஏற்றிவந்த தலைமன்னார் கப்பலும் 1984இல் நின்றுபோயிற்று. அப்பாவின் அந்த மனுவின் நகலை என் மகளின் குடியுரிமை மனுவோடு இணைத்திருக்கிறோம். இந்தியா அன்றைக்குக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டதைத்தான் கேட்கிறோம்.