ஆலங்கட்டியை அறிவிக்கும் ராடார்

மேகத்திலிருந்து இறங்குவது பயிரை வளர்க்கும் மழையா, கதிரை முறிக்கும் ஆலங்கட்டியா என்பதைப் பழைய ராடார் கருவியால் எளிதில் பிரித்தறிய இயலவில்லை. ஆலங்கட்டியையும் அது பெருமழையென்றே கணக்கிட்டுவிடும்.

இக்குறையை நீக்கும் வழியை, அமெரிக்காவின் ஒஹையோ ஸ்டேட் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்களான செலிகா, பிரிங்கி என்போர் 1976-ம் வருஷத்தில் வெளியிட்டனர். பெரிய மழைத்துளி விழுங்கால் காற்றின் தடையால் தட்டையாகின்றது. ஆகவே கிடையாக அதிரும் மின்காந்த அலையை அதிகமாகவும், செங்குத்தாக அதிரும் அலையைக் குறைவாகவும் அது திருப்பியனுப்பும். ஆலங்கட்டியோ புரண்டு விழுவதால் இரண்டும் ஏறக்குறையச் சமமாகத் திரும்பும். இவ்வித்தியாசமே அடையாளம்.

2011 முதல் 2013 வரை அந்நாட்டு வானிலை இலாகாவின் ராடார்களில் இம்முறை அமைக்கப்பட்டது. ஆயினும் தொலைவில் அலை உயரத்திலேயே செல்லுமாதலால், நிலத்தில் விழுந்த அளவை மழைமானி கொண்டே சரிபார்த்தல் வேண்டும். மழைமானியுள்ள கிராமங்களில் தினக்கணக்கைத் தவறாது எழுதிவருதல் இன்றும் அவசியம்.