நாயின் பங்காளிகள் – 4: செந்நாயின் பல், வங்காநரியின் வங்கு

செந்நாய்க்கு 40 பற்கள். நாய், ஓநாய், குள்ளநரி மூன்றுக்கும் 42. குறைவது கீழ்த்தாடையின் கடைசிக் கடைவாய்ப் பல், பக்கத்துக்கு ஒன்று. ராஜகீழ்ப்பாக்கம் டீக்கடை வாசலில் கிடக்கும் தெருநாய் கொட்டாவி விடும்போது துணிந்து எண்ணினால், கீழே பக்கத்துக்கு மூன்று கடைவாய்ப் பற்கள் தேறும். எச்சில் சோறு, எலும்பு, பிஸ்கட் என எது கிடைத்தாலும் அரைத்தாக வேண்டிய வாய் அது. செந்நாய்க்கு இறைச்சியை அறுப்பதுதான் வேலை. கீழ்த்தாடையின் பெரிய வெட்டுப்பல்லின் பின்பகுதியில் நாய்க்கு இரண்டு முகடுகள் என்றால், செந்நாய்க்கு ஒன்றே ஒன்று, கத்தி விளிம்பு போல. இத்தகைய வேறுபாடுகளால் அதற்குக் கியூவான் என்று தனிப் பேரினம். அதில் இன்று எஞ்சியிருப்பது இந்த ஓர் இனம் மட்டுமே.

குரலும் வேறு. புதருக்குள் சிதறிய கூட்டம் ஒன்றையொன்று தேடிச் சேர்வது சீழ்க்கை ஒலியால்.

வெகுகாலம் வேட்டைக்காரர்கள் எழுதியதே செந்நாய் பற்றிய அறிவாக இருந்தது. அதில் அது கொடிய பிராணி. கொன்றவருக்கு அரசாங்கம் சன்மானமும் கொடுத்தது. நாங்குநேரியில் பிறந்து, சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஏ.ஜே.டி. ஜான்சிங், 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களின் பின்னால் அலைந்தபோது படம் மாறத் தொடங்கியது. காட்டுப்பாதைகள் கூடும் சந்தியில் கூட்டமே வந்து ஓரிடத்தில் கழிப்பது செந்நாயின் வழக்கம். ஆய்வாளருக்கு அது புதையல். எச்சத்தை அள்ளிக் கழுவி வடிகட்டினால் செரிக்காத மயிர் மிஞ்சும். நுண்ணோக்கியில் அதன் உள்ளமைப்பே இரையின் பெயரைச் சொல்லிவிடும். பந்திப்பூரில் பெரும்பாலும் அது புள்ளிமான்.

கூட்டத்தில் பொதுவாக ஒரு பெண்தான் குட்டி போடும். சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். வேட்டைக்குப் போனவை வயிற்றில் சுமந்துவந்த இறைச்சியைக் கக்கித் தாய்க்கும் குட்டிகளுக்கும் ஊட்டும். வளர்ந்த குட்டிகள் இரைக்கு வந்துவிட்டால் பெரியவை விலகி வழிவிடும். கொடிய பிராணி என்று எழுதியவர்கள் இந்தப் பந்தியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நரி விஷயத்தில் தமிழில் பெயர்க் குழப்பம் தீர்ந்தபாடில்லை. கிண்டி தேசியப் பூங்காவில் இருப்பது பொன்னிறக் குள்ளநரி. அது நாயின் பேரினத்தைச் சேர்ந்தது. சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கம் வங்காநரி என்கிறார்களே, விலங்கியல் கணக்கில் நரி அதுதான். நாய்க்கும் செந்நாய்க்கும் குள்ளநரிக்கும் குரோமோசோம் 78, வங்காநரிக்கு 60. இரண்டு மூன்று கிலோ எடை. கறையான், வெட்டுக்கிளி, எலி, இலந்தைப்பழம் என்று கிடைப்பதைத் தின்னும். வெட்டவெளிப் புல்வெளியில் வங்கு தோண்டிக் குட்டி வளர்ப்பதால் பெயர் பொருந்தத்தான் செய்கிறது. பொங்கலையொட்டி அதைப் பிடித்து ஊர்வலம் விடுவது அங்கே பழைய வழக்கம். இன்று சட்டப்படி குற்றம், வனத்துறை அபராதம் போடுகிறது.

வங்காநரிக்குப் பெரிய தொல்லை பங்காளி வீட்டிலிருந்தே வருகிறது. அபி தமீம் வனக்கும் சக ஆய்வாளர்களும் காட்டு நரிகளுக்கு உணவுத் தட்டு வைத்துப் பார்த்த சோதனை 2009இல் வெளியானது. அருகில் நாய் இருந்தபோது நரிகள் தட்டுக்கு வருவதும் தின்பதும் குறைந்தன. நாய் கடிக்கவே தேவையில்லை, நின்றாலே நரிக்கு அரைவயிறு. போதாக்குறைக்கு, நாய்களிடமிருந்து தொற்றக்கூடிய டிஸ்டெம்பர் வைரஸ் நரியையும் கொல்லும், செந்நாயையும் கொல்லும்.